பன்னிரண்டு தாடைகள்

இசைவாணி ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும், சைபுல்லா தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டான்.

உள்ளே நான்கு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உப்பு நீரில் ஊறிய ஒரு எலும்புத் துண்டு. மூன்றில் அதன் உச்சியில் பழங்கஞ்சி ஆடை போல ஏதோ வழவழப்பாக ஒட்டியிருந்தது.

"காலங்காத்தால ஒம்போதரை மணிக்கு," என்றான் சைபுல்லா. "ஒரு மனுசன் சாப்ட்டானா இல்லியான்னு கேட்டுட்டுத் தொறக்கக் கூடாதா?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இருந்தது 'அமராவதி விசாரணை நிலையம்'. நிலையம் என்பது பலகைக்காகச் சொன்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு கை கழுவும் தொட்டி, ஒரு சைபுல்லா. அமராவதி இருபத்திரண்டு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். ஊரில் உள்ள ஓட்டல்களின் சமையல்கட்டையெல்லாம் உள்ளே போய்ப் பார்த்தவள். பார்த்த பிறகும் உயிரோடு இருப்பவள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில்தான் அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள்.

உதவியாளன் சைபுல்லா, கடலூர் முதுநகரில் மூன்று தலைமுறையாகக் கருவாடு விற்கும் குடும்பம். பால் குடிக்கும் முன்பே பேரம் பேசிப் பழகியவன். நாறுகிற சரக்கை மணக்கிறது என்று சொல்லி விற்ற பரம்பரைக்காரனே ஜன்னல் பக்கம் போனான் என்றால், பெட்டிக்குள் இருந்ததன் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

"ஆட்டுத் தாடை மேடம்," என்றாள் இசைவாணி. "தாடை மூட்டு."

அவள் குமராட்சிக்காரி, மினிபஸ் டிரைவர் மகள், இருபத்தேழு வயது. சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். முகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். அவற்றைத் தாண்டியும் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது.

அவள் சொன்ன கதை இது. காதுக்கு முன்னால், வாயைத் திறந்து மூடுகிற கீல் மாதிரி ஒரு மூட்டு. அதன் முனையில் மெத்தை போல் ஒரு குருத்தெலும்பு. கொட்டாவி விட்டால் தாடை மாட்டிக்கொள்கிறதே, அப்படிப்பட்டவர்களுக்குச் செயற்கை மெத்தை செய்ய வேண்டுமானால், முதலில் இயற்கை மெத்தையின் குணம் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்ன எஃகு முனையால் அதை அழுத்தி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் அது விறைத்துக்கொண்டு எதிர்க்கும். பிடித்தபடியே இருந்தால் எதிர்ப்பு மெல்ல இளகி, பத்து நிமிடத்தில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. விட்டுவிட்டால் மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும். எவ்வளவு எதிர்க்கிறது, எவ்வளவு நேரத்தில் இளகுகிறது, இந்த இரண்டையும் அளப்பதற்குத்தான் நாலு வருடம்.

"இதுக்கு நாலு வருசமா?" என்றான் சைபுல்லா. "எங்க அத்தா கடைக்கு வந்திருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். வேகமா வெல கேட்டா மொறச்சிக்குவாரு. நவுராம நின்னா பத்து நிமிசத்துல எறங்கி வருவாரு. ஒரு எடத்துல நிப்பாரு பாருங்க, அதுக்கப்புறம் ஒரு ரூபா எறங்க மாட்டாரு."

மாஸ்க்குக்கு மேலே இசைவாணியின் கண்கள் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தன. "அதேதான் அண்ணா."

சிரிப்பு உடனே போய்விட்டது. மொத்தம் நாற்பத்திரண்டு தலைகள். முதல் முப்பதும் ஒழுங்காக இளகின. கடைசிப் பன்னிரண்டு, ஆறு வாரமாக வந்தவை, எதிர்க்கவே இல்லை. தொட்டதும் பொதுக்கென்று இறங்கிவிட்டன. கேட்பதற்கு முன்பே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற வியாபாரி மாதிரி என்று சைபுல்லா சொன்னது பொருத்தமாகவே இருந்தது. தலைகளில் ஏதோ கோளாறு, விசாரியுங்கள் என்று அவள் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினாள். நான்கே நாளில் அவளுடைய ஆராய்ச்சிக் கைடு டாக்டர் செந்தமிழ்செல்வன் ஒரு புகார் கொடுத்தார். கடைசிப் பன்னிரண்டுதான் உண்மை, முதல் முப்பதை இவள் அளக்காமலே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள் என்று.

இன்று மதியம் மூன்று மணிக்கு விசாரணை. நிரூபணமானால் பதிவு ரத்து, நாலு வருடமும் குப்பை, வேறு எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்க விடாது.

"இந்தத் தலைங்கள அறுத்து மூட்டை எடுக்கறது யாரு?" என்று கேட்டாள் அமராவதி.

"நான்தான்," என்றாள் இசைவாணி. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

அமராவதி அந்த இரட்டை மாஸ்க்கை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்று நல்ல முப்பதில் உள்ளது, மூன்று கெட்டவை. முப்பத்தொன்பது என்று எழுதிய குப்பியில் இருந்த குருத்தெலும்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம், நடுவே ஒரு மேடு. இடுக்கி நழுவியிருக்கும் என்றாள் இசைவாணி. அமராவதி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, சைபுல்லாவிடம் நீட்டினாள். அவன் வேண்டாம் என்றான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் மூக்கைக் கொண்டுவந்தான்.

மோந்தவனின் முகம் கோணியது. ஆனால் கோணிய விதம் வேறு.

"சொல்லு சைபு."

"வாந்தி வரணும் மேடம். வரல." குரல் தாழ்ந்திருந்தது. "பசிக்குது. எனக்கே என்னை நெனச்சா அருவருப்பா இருக்கு."

அமராவதி தன் வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையில் நல்ல குப்பியின் நீரையும், எதிர் மூலையில் முப்பத்தொன்பதின் நீரையும் நனைத்தாள். இரண்டாவது மூலையில் இருந்தும் இல்லாததுமாக ஒரு வெளிர் மஞ்சள். கொழுப்பு கரைந்தால் அப்படித்தான் ஆகும் என்று கைடு சொன்னாராம். அமராவதி தொட்டியில் கிடந்த துணி சோப்பை எடுத்து இரண்டு மூலையிலும் தேய்த்தாள். முதல் மூலை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது மூலை ரத்தக்கறை போலச் சிவந்தது.

வெள்ளைச் சட்டையில் குழம்பைச் சிந்திவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் சோப்பு போட்டு மாட்டிக்கொள்ளாத தமிழன் யார்?

"மஞ்சத்தூள்," என்றாள் இசைவாணி.

சிதம்பரம் பஸ்ஸில் ஐஸ் பெட்டி சைபுல்லாவின் மடியில் வந்தது. மீனா என்று கேட்டார் கண்டக்டர். இல்லை, தாடை என்றான் சைபுல்லா. அவர் அதற்குப் பிறகு அந்த சீட் பக்கமே வரவில்லை.

அமராவதி இசைவாணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையை அறுப்பது யார் என்று மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். ஆலப்பாக்கம் போயிற்று. புதுச்சத்திரமும் போயிற்று. அவள் வேறு பேச்சு எடுக்கவில்லை. முட்லூருக்கு முன்னால் இசைவாணி இளகினாள்.

"சின்னையன் அண்ணன் மேடம். லேப் உதவியாளர். எனக்குத் தலையப் பாத்தாலே கொமட்டும். கண்ணு தொறந்தே இருக்கும், நாக்கு தொங்கும். மொத நாளே மயங்கி விழுந்துட்டேன். அண்ணன்தான், பாப்பா நீ வெளிய இரு, நான் எடுத்துக் குடுக்குறேன்னாரு. அதுலேர்ந்து மூட்டு மட்டும்தான் என் கைக்கு வரும். ஆனா ஆய்வேட்டுல நானே அறுத்தேன்னு எழுதியிருக்கேன். அப்பிடித்தான் எழுதணும்னு எல்லாரும் சொன்னாங்க."

"இப்ப அந்தப் பொய்யக் காப்பாத்துனா உம்மேல புகாரு நிக்கும். உண்மையச் சொன்னா அதுக்கும் ஒரு அடி விழும். எந்த அடி வேணும்னு மூணு மணிக்குள்ள யோசிச்சி வை."

இசைவாணி மாஸ்க்கை இழுத்து இன்னும் மேலே விட்டுக்கொண்டாள்.

சிதம்பரம் மார்க்கெட்டின் பின்புறம், கல்லூரிக்குத் தலை கொடுக்கும் ஹபிபுல்லாவின் கறிக்கடை. அவர் சைபுல்லாவின் அக்கா ஷஹனாஸின் கணவர். மச்சான் முறை என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை, கிண்டலுக்கும் குறைவில்லை. கடைக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு பெண்கள் பம்ப் அடுப்பின் தீயில் ஆட்டுத் தலைகளைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முடி பொசுங்கும் நாற்றம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுட்ட தலைகளைச் சுரண்டி, மஞ்சள் தடவித் தேய்த்துக் கழுவினார்கள். ஈக்கள் மஞ்சளுக்கும் அஞ்சவில்லை, தீக்கும் அஞ்சவில்லை.

சைபுல்லா அதைப் பார்த்ததும், கேஸ் முடிந்தது மேடம் என்று காதோரம் சொன்னான். நல்ல வாடிக்கை என்று மச்சான் இலவசமாகச் சுட்டு, மஞ்சள் பூசிக் கொடுத்திருக்கிறார். தீயில் வெந்த குருத்தெலும்பு எப்படி எதிர்க்கும்?

கேட்டதும் ஹபிபுல்லா கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

"யாரு சொன்னது? மொத நாளே இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சி. முடியோட, சுடாம வேணும்னு. இன்னிக்கு வரிக்கும் ஒரு தல சுட்டுக் குடுத்ததில்ல. எல்லாரும் சுட்டுத் தா சுட்டுத் தாங்குறான், இது ஒண்ணுதான் முடியோட கேக்குது, என்ன படிப்போன்னு ஷஹனாஸ்கிட்ட சொல்லிச் சிரிப்பேன்."

அமராவதி மெதுவாகக் கேட்டாள். சமீபத்தில் ஏதாவது மாறியதா?

ஹபிபுல்லா தாடியைச் சொறிந்தார். சின்னையன் முன்பெல்லாம் திங்கள் காலையில் வருவானாம். ஒன்றரை மாதமாகச் சனிக்கிழமை சாயங்காலமே வந்து இரண்டு தலை வாங்கிக்கொண்டு போகிறானாம். குப்பிகளின் மேல் எழுதியிருக்கும் கிழமையோ திங்கள்.

"இன்னொண்ணு. இப்பல்லாம் இளசா பாத்துக் குடு, மூள செதறாம குடுங்குறான். நான் கேட்டேன், ஏம்ப்பா, படிப்புக்குத் தாடதான வேணும், மூள எதுக்குன்னு. பதில் சொல்லாம வெத்தலயத் துப்பிட்டுப் போயிட்டான்."

அமராவதி சைபுல்லாவைப் பார்த்தாள். சைபுல்லா இசைவாணியைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை என்கிற வார்த்தையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு அறுத்த தலை ஒன்று சுடாமல் மீதமிருந்தது. அமராவதி அதைப் பெட்டியில் வைக்கச் சொன்னாள். அக்கா புருஷனிடமே பேரம் பேச ஆரம்பித்த சைபுல்லாவின் காலை மிதித்துவிட்டுக் கேட்ட விலையைக் கொடுத்தாள். கண் திறந்தபடி, நாக்கு தொங்கியபடி அது உள்ளே போயிற்று. இசைவாணி சாக்கடை ஓரமாகப் போய்க் குனிந்து நின்றாள்.

கல்லூரி ஆய்வகத்தின் பின்பக்கம் சின்னையன் வெற்றிலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்த மனிதர். தலையை எப்போது அறுப்பீர்கள், எங்கே வைப்பீர்கள் என்று சைபுல்லா சரசரவென்று கேட்டதற்கெல்லாம் தெரியாது, ஞாபகம் இல்லை என்றே பதில் வந்தது. நல்ல விறைப்பு. அமராவதி சைபுல்லாவை ஒதுக்கிவிட்டு எதிரே ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மூளைய யாரு சாப்ட்டாங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். சின்னையன் சுண்ணாம்பு தடவினார். பாக்கைக் கடித்தார். எழுந்திருக்கப் பார்த்து, உட்கார்ந்தார். ஒரு ஈ அவர் முழங்காலில் உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்தது.

"ஐயா," என்றார் கடைசியில். "செந்தமிழ்செல்வன் ஐயா. மூட்ட எடுத்ததும் தலய குப்பையிலதான் போடுவேன். ஐயா ஒரு நாளு பாத்துட்டாரு. ஏன் வீணாக்குற, வூட்டாண்ட கொண்டாந்துருன்னாரு. கொண்டு போனேன். கன்னத்த அறுத்துட்டு வந்திருக்கான், அங்கதான் கறியே இருக்குதுன்னு ஐயா வூட்டு அம்மா கோச்சிக்கிச்சு. அப்புறம் ஐயாதான் சொன்னாரு. மொதல்ல சுட்டு, கழுவி, வூட்ல சமைக்கட்டும். வெந்த பொறவு சட்டியிலேர்ந்து தாடய எடுத்துக்க, எலும்பு எலும்புதானன்னு. நல்லா அலசித்தான் பாப்பா குப்பியில போட்டேன்."

ஆறு வாரமாக இசைவாணி பூதக்கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எஃகு முனையால் பத்து பத்து நிமிடம் அழுத்தி அளந்தது, கைடு வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் மிச்சம். இரண்டு மாஸ்க்கும் தைலமும் இல்லாமலிருந்தால் முதல் குப்பியிலேயே தெரிந்திருக்கும்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் சைபுல்லா குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். அவன் எதையும் தொட்டிருக்கவில்லை.

இதை மூன்று மணிக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள் அமராவதி. சின்னையன் கையெடுத்துக் கும்பிட்டார். ஐயா எதிரில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார். இந்த இடத்துக்குக் கீழே அவர் இறங்கவில்லை.

விசாரணை நடந்த அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. கல்லூரி தொடங்கியபோது ஆசிரியர்களின் பல்வரிசையை எல்லாம் அச்செடுத்து, வெள்ளை மாவில் வார்த்து, கீழே பெயர் எழுதி வரிசையாக வைத்திருந்தார்கள். மற்ற ஊர்களில் போட்டோ மாட்டுவார்கள். இங்கே இருபது வாய்கள் உதடு இல்லாமல் இளித்துக்கொண்டிருந்தன. பார்ப்பதற்குச் சகிக்கவில்லை என்றான் சைபுல்லா. அமராவதி மட்டும் அதன் முன்னால் சாவகாசமாக நின்றாள்.

முதல்வர் டாக்டர் ரேகா நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்சைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிப்பவர். பக்கத்தில் டாக்டர் செந்தமிழ்செல்வன். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பருத்த உடம்பு, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் பேசினார்.

"இசைவாணி எனக்கு மகள் மாதிரி. ஏழைக் குடும்பம். ஆசையில் தவறு செய்துவிட்டது. போலீஸ், கேஸ் எல்லாம் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பதிவை ரத்து செய்வதோடு விட்டுவிடலாம்."

மகள் மாதிரி என்றபோது அவர் இசைவாணியின் தலையில் கை வைக்க வந்தார். அவள் ஓர் அடி பின்னால் போனாள். காலையிலிருந்து பார்த்த தலை, நாக்கு, ஈ எதுவுமே அவ்வளவு குமட்டவில்லை.

அமராவதி தன்னை அறிமுகம் செய்துகொண்டு, கைக்குட்டையின் சிவந்த மூலையை மேசையில் விரித்தாள். மஞ்சள் வந்த வழியைச் சொன்னாள். செந்தமிழ்செல்வனை நேராகப் பார்த்து, இந்தத் தாடைகள் உங்கள் வீட்டுச் சட்டியில் வெந்தவைதானே என்று வெடுக்கென்று கேட்டாள்.

அவர் விறைத்தார். குரல் உயர்ந்தது. யாரிடம் என்ன பேசுகிறோம் என்று தெரிகிறதா என்றார். லேப் உதவியாளன் சோறு தின்ற கையைக் கழுவாமல் குப்பியைத் தொட்டிருப்பான் என்றார். சந்தேகம் இருந்தால் சின்னையனையே கேளுங்கள் என்றார். வாசலோரம் நின்ற சின்னையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ரேகா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

அமராவதி முப்பத்தொன்பதாம் குப்பியைத் திறந்தாள். துண்டை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பல் வார்ப்பை எடுத்து வந்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல ரெண்டு பள்ளமும் நடுவுல ஒரு மேடும் இருக்குது. இடுக்கி நழுவுனதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. பல் காலேஜுல இவ்வளவு பேரு இருந்தும் ஒருத்தரும் இதப் பல்லுன்னு நெனக்கல. நீங்க ஒரு தரம் வச்சிப் பாருங்க டாக்டர்."

ரேகா கையுறை மாட்டிக்கொண்டார். வார்ப்பின் முன்பற்களைக் குருத்தெலும்பின் மேல் வைத்தார். இரண்டு பற்கள் இரண்டு பள்ளத்தில் இறங்கின. நடுவில் இருந்த இடைவெளி மேட்டின் மேல் உட்கார்ந்தது. தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஒரு பொருத்தம். அவர் வார்ப்பைத் திருப்பிப் பெயரைப் படித்தார். பிறகு செந்தமிழ்செல்வனின் வாயைப் பார்த்தார்.

செந்தமிழ்செல்வன் வாயை மூடிக்கொண்டார்.

அமராவதி உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. மின்விசிறி சுற்றியது. தட்டில் இருந்த துண்டிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் நீர் வடிந்து நின்றது. வாசல் பக்கமிருந்துதான் முதலில் குரல் வந்தது.

"அன்னிக்கு நான் போறதுக்கு லேட்டாயிட்டுது," என்றார் சின்னையன் தரையிடம். "சட்டியில இல்ல. ஐயா தட்டுல இருந்துச்சு. அங்கேருந்துதான் எடுத்தேன்."

சைபுல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். இந்த முறை பசிக்கவில்லை.

செந்தமிழ்செல்வனின் தோள்கள் முதலில் இறங்கின. அடுத்து கழுத்து. கடைசியாகக் குரல்.

"வீணாகத்தானே போகிறது என்று... குருத்தெலும்பைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை, அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்."

"அளவுகள் ஏன் கெட்டன என்று எப்போது தெரிந்தது?" என்று கேட்டார் ரேகா.

"இரண்டாவது வாரமே."

"அப்புறம் எதற்கு இவள் மேல் புகார்?"

அவருக்குப் பதிலாக அமராவதி சொன்னாள். தலைகளை விசாரியுங்கள் என்று இசைவாணி எழுதிய கடிதத்தின் தேதிக்கும் புகாரின் தேதிக்கும் நடுவே நாலு நாள். தலையை விசாரித்தால் தட்டு வெளியே வரும். கைடு குழம்பு குடித்தார் என்று ஊர் சிரிப்பதைவிட, மாணவி திருடி என்று ஊர் சொல்லட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். கொலைக்குக்கூட அமராவதி இதைவிடச் சின்னக் காரணங்களைக் கேட்டிருக்கிறாள். இதைவிட அசிங்கமான காரணத்தைக் கேட்டதில்லை.

செந்தமிழ்செல்வனை வெளியே போகச் சொன்னார் ரேகா. கதவு சாத்திய பிறகு இசைவாணி பெருமூச்சு விடப் பார்த்தாள். அதற்குள் ரேகா ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"மூட்டுகளை நானே அறுத்தெடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மையா?"

சைபுல்லா மேல்கூரையைப் பார்த்தான். அமராவதி அசையவில்லை. சின்னையன் கொடுத்த வாக்குமூலத்தில் அது ஏற்கெனவே உடைந்துகிடக்கிறது என்று இசைவாணிக்குத் தெரியும். ஆனாலும் பதில் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

"இல்ல மேடம். எனக்கு அருவருப்பா இருந்துச்சு. ஒரு தலயக்கூட நான் தொடல. பொய்தான் எழுதினேன்."

"அப்படியென்றால் முதல் முப்பதும் நீ அளந்தவை என்று நான் எதை வைத்து நம்புவது?"

அமராவதி ஐஸ் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். ஆட்டின் கண் முதல்வரைப் பார்த்தது.

"சுடாதது. காலையில அறுத்தது. இப்பவே எடுத்து இப்பவே அளக்கட்டும். பழைய முப்பது கோடும் கம்ப்யூட்டர்ல இருக்குது."

ஆய்வக மேசையில் தலை வைக்கப்பட்டது. சின்னையன் பழக்கதோஷத்தில் கத்தியை எடுக்க வந்தார். இசைவாணி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தைல வாசனை அடித்த மாஸ்க்கைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள். ரத்தமும் ரோமமும் புல் நாறும் வாயும் கலந்த வாடை நேராக உள்ளே போனது. காதுக்கு முன்னால் விரலை வைத்துத் தாடையை அசைத்து இடத்தைக் கண்டுபிடித்தாள். கத்தி இறங்கியது. பாதியில் ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். மறுபடி ஒரு முறை ஓடினாள், மறுபடியும் திரும்பி வந்தாள். மூட்டு வெளியே வந்தபோது அதன் முனை சோப்பு நுரை போல வெண்மையாக, ஈரமாகப் பளபளத்தது. கஞ்சி ஆடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எஃகு முனை இறங்கியது. திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. ஒரு கணம் உச்சியில் நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல், இறங்க ஆரம்பித்தது. ரேகா பழைய முப்பது கோடுகளையும் மங்கலாக அதன் கீழே வரவழைத்தார். புதுக் கோடு அவற்றின் நடுவே புகுந்து, கூட வந்தவர்களோடு நடந்து போகிற மாதிரி போயிற்று. பத்தாவது நிமிடம் அவை நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

ரேகா புகார்க் கடிதத்தைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் எழுதினார். பதிவு ரத்து இல்லை. முப்பதும் செல்லும், அறுத்தது யார் என்பதைத் திருத்தி எழுத வேண்டும். பொய் எழுதியதற்கு எச்சரிக்கை. பன்னிரண்டும் குப்பை, மறுபடி அளக்க வேண்டும். கைடு மாற்றம். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது ஒரு வரி வாயால் சொன்னார்.

"உன் கையால்."

வெளியே வந்ததும் இசைவாணி செய்த முதல் வேலை போன் போட்டதுதான். மறுமுனையில் ஹபிபுல்லா. நாளையிலிருந்து தானே கடைக்கு வருவதாகவும், பன்னிரண்டு தலை வேண்டும் என்றும், வாரத்துக்கு இரண்டாக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். பாவம், பெண் பிள்ளை என்று அவர் இரக்கப்பட்டிருக்க வேண்டும். சந்தில் சொல்லிச் சுத்தமாகச் சுட்டு, மஞ்சள் போட்டுக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாண்ணே," என்றாள் இசைவாணி. குமட்டலை ஒரு தடவை விழுங்கிக்கொண்டாள். "முடியோட குடுங்க."